எலும்புக்கூட்டின் கையில் என்ன இருக்கிறது? இருண்ட ஓவியங்களை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கோயில் தூணில் ஒரு சிற்பத்தைப் பார்த்ததும் நம் கண் முதலில் அதன் கைக்குத்தான் போகிறது. வேல் இருந்தால் முருகன். சூலமா, சங்கா, மழுவா என்று பார்க்கிறோம். காலடியில் யார் கிடக்கிறார்கள், பக்கத்தில் என்ன வாகனம் நிற்கிறது என்று பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அம்மாவோ பாட்டியோ இடுப்பில் தூக்கிவைத்துக் காட்டிய காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. அதே நாம், எலும்புக்கூடுகளும் எரியும் ஊர்களும் நிறைந்த ஓர் ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்தால் திகைத்துப்போகிறோம். ‘டார்க் ஃபேண்டஸி’ என்ற பெயரில் இன்று பகிரப்படும் படங்களைப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதற்கு என்ன அர்த்தம்?

அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. கோயிலில் செய்வதையே இங்கேயும் செய்யலாம். யார் கையில் என்ன இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு யாரை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பேசிக்கொண்டே போவதைவிடச் செய்துபார்ப்பது நல்லது என்பதால் ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய இருண்ட கற்பனைப் படங்களுக்கெல்லாம் முப்பாட்டன் என்று சொல்லத்தக்க படம் அது. பிளெமிஷ் ஓவியர் (இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்தவர்) மூத்த பீட்டர் புரூகல் 1562 வாக்கில் வரைந்த ‘மரணத்தின் வெற்றி’. இப்போது ஸ்பெயினில், மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொடங்கும் முன்

போனில் பார்க்காதீர்கள். மூலப் படம் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்டது, 117 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட நாலடிக்கு ஐந்தேகால் அடி. அதற்குள் நூற்றுக்கணக்கான உருவங்கள். போன் திரையில் அது பழுப்பு நிறத்தில் ஒரு கலவரம் மாதிரிதான் தெரியும். பிராடோவின் இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கும்படி தெளிவான படம் கிடைக்கிறது. அங்கே பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஓவியத்தின் மீது பிற்காலத்தில் பூசப்பட்ட வண்ணங்களை நீக்கிச் சீரமைத்து, 2018-இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். பழைய புத்தகங்களில் அச்சான படங்களில் எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும். சீரமைத்த பிறகு சிவப்பும் நீலமும் தெளிந்து நிற்கின்றன. நிறத்தை வைத்து ஏதாவது சொல்ல நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் செய்தது இதுதான்: படத்தை ஏ3 அளவில் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒரு பக்கம் நோட்டில் ஒதுக்கினேன். ஒரு வாரம் பிடித்தது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், முதல் படத்துக்கு வேண்டும். அடுத்த படத்திலிருந்து கண்ணே பழகிவிடும்.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும்

முதல் சுற்றில் நோட்டில் எழுத அனுமதி இரண்டே வகைச் சொற்களுக்கு. பொருளின் பெயர், அது செய்யும் வேலை. ‘கொடூரம்’, ‘விரக்தி’, ‘வாழ்வின் நிலையாமை’ எல்லாம் இந்தச் சுற்றில் கூடாது. அவை நம் மனத்திலிருந்து வருபவை. படத்தில் இருப்பவை அல்ல.

கீழே இடது மூலையிலிருந்து தொடங்கினால் நோட்டு இப்படி இருக்கும்: ஒரு ராஜா விழுந்துகிடக்கிறான். கவசம், சிவப்புப் போர்வை, அதில் வெள்ளை மென்மயிர். ஓர் எலும்புக்கூடு அவனிடம் மணற்கடிகாரத்தைக் காட்டுகிறது. இன்னோர் எலும்புக்கூடு பீப்பாயிலிருந்து காசை அள்ளுகிறது. ராஜாவின் கை காசுப் பக்கம் நீண்டிருக்கிறது. அருகில் ஒரு கர்தினால், அதாவது போப்புக்கு அடுத்த நிலையில் உள்ள கத்தோலிக்கக் குரு, சரிகிறார். அவரைத் தாங்கிப்பிடித்திருக்கும் எலும்புக்கூட்டின் தலையிலும் கர்தினாலின் சிவப்புத் தொப்பி. அதற்கு அந்தப் பக்கம் மண்டை ஓடுகள் குவிந்த ஒரு வண்டி, எலும்பும் தோலுமான குதிரை, குதிரைமேல் காகம். குதிரையில் உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூட்டின் கையில் மணியும் லாந்தரும். வண்டிக்கு முன்னால் ஒரு பெண் விழுந்துகிடக்கிறாள். அவள் கையில் நூல் நூற்கும் கதிர், இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இன்னும் எதையும் ‘விளக்க’வில்லை. ஆனால் கதை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

வினைச்சொல்லில்தான் குறியீடு இருக்கிறது

மணற்கடிகாரம் என்றால் காலம். இது யாருக்கும் தெரியும். ஒரு தேடலில் கிடைத்துவிடும். அதோடு நிறுத்துகிறவர்கள் படத்தை விட்டுவிட்டு அகராதியை வாசிக்கிறார்கள். புரூகல் அந்தக் கடிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அது மேசைமேல் இல்லை, சுவரில் இல்லை. ராஜாவிடம் நீட்டப்படுகிறது. ஒருவர் அவனுக்கு நேரத்தைக் காட்டுகிறார். அதே நொடியில் அவன் கை காசுப் பக்கம் போகிறது. காலம் கழிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ‘உன் நேரம் முடிந்துவிட்டது’ என்று முகத்துக்கு நேரே சொல்லும்போதும் இந்த மனிதனின் கை எங்கே போகிறது பாருங்கள் என்பது புரூகல் சொல்லும் செய்தி. நோட்டில் இரண்டு வினைச்சொற்களை அடுத்தடுத்து எழுதியிருந்தால்தான் இது கண்ணில் படும்: காட்டுகிறது, நீள்கிறது.

கர்தினாலிடமும் இதே வழியில் போகலாம். அவரை யாரும் வெட்டவில்லை, குத்தவில்லை. தாங்கிப்பிடிக்கிறார்கள். அந்தப் பிடியில் ஓர் அக்கறைகூடத் தெரிகிறது. தாங்குகிறவன் அவருடைய தொப்பியையே அணிந்திருக்கிறான். சாவு இங்கே வெளியாளாக வரவில்லை; கூட வேலை பார்ப்பவரைப் போல, அதே உடையில் வந்து தோள்கொடுக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் ரத்தம் சிந்தும் காட்சிகளைவிட இந்தத் தோள்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே ஒரு பொருளைக் குறியீடு என்று சந்தேகித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் கையில் இருக்கிறது? யாரை நோக்கி இருக்கிறது? வழக்கமான வேலையைச் செய்கிறதா, வேறு வேலை செய்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் புதையல் இருக்கும்.

சிலுவையும் நாயும்: அகராதி கைவிடும் இடம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவ ஐரோப்பாவின் ஓவியத்தில் சிலுவை வந்தால் மீட்பு, நம்பிக்கை, சாவை வென்ற கிறிஸ்து. எந்தக் குறியீட்டு அகராதியும் இதைத்தான் சொல்லும், சரியாகவே சொல்லும். இப்போது படத்தின் வலப்பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே வாருங்கள். பிரம்மாண்டமான பெட்டி ஒன்று, சவப்பெட்டி மாதிரி, வாயைத் திறந்துவைத்திருக்கிறது. எலிப்பொறியின் கதவு போல அதன் கதவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் அதற்குள் முட்டிமோதி ஓடுகிறார்கள். பின்னாலிருந்து சாவு சிவந்த குதிரைமேல் பெரிய அரிவாளை வீசிக்கொண்டு துரத்துகிறது. பெட்டியின் மேல் உட்கார்ந்து ஓர் எலும்புக்கூடு முரசு கொட்டுகிறது. அந்தப் பெட்டியில் என்ன அடையாளம் போட்டிருக்கிறது? சிலுவை.

இன்னும் வலப்பக்கம் போங்கள். எலும்புக்கூடுகளின் படை அணிவகுத்து நிற்கிறது. கையில் நீளமான கேடயங்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் அவை கேடயங்களே அல்ல, சவப்பெட்டி மூடிகள். ஒவ்வொன்றிலும் சிலுவை.

எனக்கு இது முதல் நாள் கண்ணில் படவில்லை. நாலாம் நாள், அந்தக் கட்டத்துக்கு வந்து ‘கேடயம்’ என்று எழுதிவிட்டு, அது ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது, மேல்பக்கம் அகன்று கீழே ஏன் குறுகுகிறது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சிலுவை ‘மீட்பு’ என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் இங்கே ‘எவ்வளவு சாவிலும் நம்பிக்கை உண்டு என்று ஓவியர் சொல்கிறார்’ என்று எழுதிவிடுவார். படம் அதற்கு நேர்மாறான இடத்தில் நிற்கிறது. சிலுவை எதிரியின் கையில் இருக்கிறது. மனிதர்கள் பொறிக்குள் ஓடுவதே அது அடைக்கலம் போலத் தெரிவதால்தானோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம். புரூகல் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஊகத்துக்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது, விரலால் தொட்டுக் காட்டலாம். நல்ல ஊகத்துக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நாயும் அப்படித்தான். ஐரோப்பிய ஓவியத்தில் நாய் வந்தால் விசுவாசம் என்பார்கள். ஜான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியத்தில் இருவர் காலடியிலும் நிற்கும் குட்டி நாயைப் பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். புரூகலின் படத்தில் கீழ் ஓரத்தில் ஒரு நாய் இருக்கிறது. இறந்துகிடக்கும் தாயின் கையில் குழந்தை. பட்டினி கிடந்த நாய் அந்தக் குழந்தையின் முகத்தில் வாய்வைக்கிறது. இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனமில்லை. இங்கே போய் ‘விசுவாசம்’ என்று எழுத முடியுமா? அகராதி அர்த்தம் இங்கே வீணாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டிய மிருகம் இப்படி ஆகிவிட்டதே என்ற அதிர்ச்சி, பழைய அர்த்தம் நமக்குள் இருப்பதால்தான் வருகிறது. ஓவியர் அந்த அர்த்தத்தைத் தெரிந்தே உடைக்கிறார்.

படத்துக்குப் பின்னால் உள்ள கதைகள்

இரண்டாம் சுற்றில்தான் புத்தகத்தையும் தேடலையும் தொட வேண்டும். இப்போது உங்களிடம் கேள்விகள் இருக்கின்றன. தேடினால் கிடைப்பது ஒட்டும்.

அந்தக் கதிரும் கத்தரிக்கோலும் ஏந்திய பெண்ணை எடுத்துக்கொள்வோம். வண்டி ஏறி நசுங்கப்போகிறவள் கையில் ஏன் நூற்கும் சாமான்? கிரேக்கக் கதைகளில் விதியின் தேவதைகள் மூன்று பேர். ஒருத்தி உயிரின் நூலை நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி வெட்டுகிறாள். அந்த நூலும் கத்தரியும் இங்கே ஒரு சாதாரண மனுஷியின் கைக்கு வந்துவிட்டன. தன் நூலைத் தானே வெட்டப்போகும் கையோடு விழுந்துகிடக்கிறாள். கிரேக்கக் கதை தெரியாமலேயே ‘நூல் அறுந்தால் உயிர் போச்சு’ என்று நமக்குப் புரிந்திருக்கும். கதை தெரிந்தபின் இன்னொன்று கூடுதலாகத் தெரிகிறது: விதியை ஆட்டுவிக்கும் தேவதை இந்தப் படத்தில் இல்லை, விதிக்கு அடியில் கிடப்பவளின் கையில்தான் அவள் கருவிகள் இருக்கின்றன.

இடப்பக்கம் ஒரு குட்டையில் மனிதர்களை மூழ்கடிக்கிறார்கள். அங்கே ஒருவன் கழுத்தில் பெரிய திரிகைக் கல். இது பைபிள் வரி. சிறியோரில் ஒருவனைத் தவறு செய்ய வைப்பவனுக்கு, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது நலமாயிருக்கும் என்று மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் வருகிறது. புரூகல் காலத்துப் பார்வையாளருக்கு அந்தக் கல்லைப் பார்த்ததுமே வசனம் நினைவுக்கு வந்திருக்கும், நமக்கு ஒரு தோளில் கிளியைப் பார்த்ததும் மீனாட்சியோ ஆண்டாளோ நினைவுக்கு வருவது போல. சாவு குதிரையில் வருவதற்கும் பைபிளில் இடமுண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் நாலு குதிரைகள் வரும். நாலாவது மங்கின நிறம், அதன்மேல் இருப்பவனின் பெயர் மரணம். ஆனால் புரூகலின் குதிரை சிவந்தது. அதே அதிகாரத்தில் சிவப்புக் குதிரையில் வருபவன் பூமியிலிருந்து சமாதானத்தை எடுத்துப்போடுகிறவன், கையில் பட்டயம் உள்ளவன். இரண்டையும் ஓவியர் ஒன்றாக்கினாரா, அல்லது அந்த இடத்துக்குச் சிவப்புத்தான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தாரா? முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு நகருங்கள். அப்படிப்பட்ட கேள்விக்குறிகள் நிறைய இருக்கும் நோட்டுத்தான் நல்ல நோட்டு.

படங்களுக்கும் முன்னோர் உண்டு. ராஜா, போப், வியாபாரி, உழவன் என்று ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைபிடித்து அழைத்துப்போகும் ‘சாவின் நடனம்’ என்ற படவரிசை அன்று ஐரோப்பா முழுவதும் பழக்கமானது. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மரச்செதுக்குப் படங்கள் 1538-இல் லியோன் நகரில் புத்தகமாக வந்து பெரிய அளவில் பரவின. இத்தாலியில் வேறு மரபு: சாவு படைத்தலைவனைப் போலக் குதிரையேறி வந்து எல்லோரையும் வீழ்த்தும். சிசிலியின் பலெர்மோவில் 15-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று அப்படி இருக்கிறது. புரூகல் 1550-களின் தொடக்கத்தில் இத்தாலி போய்வந்தவர். வடக்கின் நடனத்தையும் தெற்கின் படையெடுப்பையும் அவர் ஒரே பலகையில் சேர்த்துவிட்டார். நடனத்தில் சாவு ஆளுக்கு ஒன்றாக வரும். இங்கே மொத்தமாக வருகிறது.

காலத்தை இழுத்துவந்து ஒட்டாதீர்கள்

இந்தப் படத்தைப் பற்றித் தேடினால், புரூகல் வாழ்ந்த அன்றைய நெதர்லாந்தில் ஸ்பெயின் படைகள் செய்த அட்டூழியத்துக்கு எதிர்வினை என்ற விளக்கம் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்பெயின் மன்னரின் தளபதி ஆல்பா பிரபு பெரும்படையோடு அங்கே வந்தது 1567-இல். படம் வரையப்பட்டது அதற்கு ஏறக்குறைய ஐந்து வருடம் முன்னால். நடக்காத ஒன்றுக்கு எதிர்வினை காட்ட முடியாது. மத ஒடுக்குமுறையும் தண்டனைகளும் அதற்கு முன்பே இருந்தன, அது உண்மை. பின்னணியில் கம்பத்தின் உச்சியில் சக்கரங்கள் தெரிகின்றன அல்லவா? கைகால்களை முறித்து, அந்தச் சக்கரத்தில் கிடத்தி உயரே தூக்கிவைப்பது அன்றைய தண்டனை. தூக்குமரமும் இருக்கிறது. புரூகலின் பார்வையாளர்கள் ஊருக்கு வெளியே நிஜத்தில் பார்த்த பொருள்கள் அவை. நமக்குக் கற்பனை போலத் தெரிவதெல்லாம் அவர்களுக்குக் கற்பனை அல்ல. 1347-இல் ஐரோப்பாவுக்குள் வந்த பெரும் கொள்ளைநோயும் அதோடு முடிந்துவிடவில்லை. அவர் காலத்திலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஆக, சரித்திரத்தைப் பயன்படுத்துங்கள். வருடத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

என்ன இல்லை?

புதிதாகப் பழகுகிறவர்கள் தவறவிடும் படி இது, எனக்குப் பிடித்த படியும் இதுதான். எல்லாக் கட்டமும் எழுதி முடித்த பிறகு, இருந்திருக்க வேண்டியது எது, ஆனால் இல்லாதது எது என்று கேளுங்கள்.

கிறிஸ்தவ உலகில் உலகமுடிவைப் படமாக்கினால் மேலே கிறிஸ்து நடுவராக அமர்ந்திருப்பார், தேவதூதர்கள் இருப்பார்கள், நல்லவர்கள் ஒருபக்கமும் கெட்டவர்கள் மறுபக்கமும் பிரிவார்கள். ‘மரணத்தின் வெற்றி’யில் வானம் இருக்கிறது, புகை இருக்கிறது, கடவுள் இல்லை. தேவதூதன் இல்லை. அதைவிட முக்கியமாக, பிசாசும் இல்லை. தண்டிக்க யாரும் இல்லாததால் இது தண்டனையும் இல்லை. நல்லவன் கெட்டவன் என்ற கணக்கு இல்லாமல் எல்லோரையும் அள்ளுகிறார்கள். படத்தில் மரங்களும் பட்டுநிற்கின்றன. அடுத்த வருடம் துளிர்க்கும் என்ற ஆறுதலுக்கும் இடமில்லை. இந்த ஒரு கேள்வி தரும் வெளிச்சத்தை எந்தக் குறியீட்டு அகராதியும் தராது, ஏனென்றால் இல்லாத பொருளுக்கு அகராதியில் பதிவு கிடையாது.

நம் கண்ணையும் கவனிக்க வேண்டும்

நாம் தமிழ்க் கண்ணோடு பார்க்கிறோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குதிரைமேல் உட்கார்ந்த காகத்தைப் பார்த்ததும் எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருவர் ‘முன்னோர்’ என்றார். நம் வீட்டில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் நாம் சாப்பிடுவோம். அங்கே அது தூக்குமரத்துப் பிணத்தைக் கொத்தும் பறவை. வெள்ளைத் துணி போர்த்திய எலும்புக்கூடுகளும் அப்படித்தான்: அங்கே அது பிணத்தைச் சுற்றும் துணி. நமக்குக் கைம்பெண்ணும் நினைவுக்கு வரலாம், துறவியும் வரலாம்.

எலும்புக்கூடு என்ற உருவமேகூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியை நினைத்துப் பாருங்கள். விலா எலும்பு தெரிய, மார்பு வற்றி, பேயுருவாக உட்கார்ந்து கையில் தாளம் தட்டுகிறார். அழகையும் உடம்பையும் வேண்டாம் என்று தானே கேட்டு வாங்கிய உருவம் அது. முகத்தில் எவ்வளவு ஆனந்தம்! புரூகலின் எலும்புக்கூடும் முரசு கொட்டுகிறது, அம்மையாரும் தாளம் போடுகிறார். ஒன்று மனிதர்களைப் பொறிக்குள் துரத்தும் சத்தம். மற்றது இறைவனின் ஆட்டத்துக்குச் சேரும் சத்தம். எலும்பு என்றால் சாவு என்று எழுதும் கை அடுத்த முறை ஒரு நொடி தயங்கட்டும்.

தலைப்பை நம்பலாமா?

புரூகலின் படத்துக்கு இந்தத் தலைப்பு பொருந்துகிறது. எல்லாப் படத்துக்கும் அப்படி இல்லை. பிரான்சிஸ்கோ கோயா, 1819-இல் மாட்ரிட்டுக்கு வெளியே வாங்கிய வீட்டின் சுவர்களில் பதினான்கு இருண்ட ஓவியங்களை வரைந்தார். எதற்கும் அவர் பெயர் வைக்கவில்லை. தன் பிள்ளையைத் தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்ன் என்று உலகமே சொல்லும் படத்துக்கு அந்தப் பெயரைப் பிறர் வைத்தார்கள். பெயரை மறைத்துக்கொண்டு பாருங்கள்: தின்னப்படும் உடல் குழந்தையுடையது மாதிரி இல்லை, வளர்ந்த ஆளுடைய உடல். தின்கிறவனின் கண்ணில் தெரிவது பசியா, பயமா? தலைப்பு தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. அதனால் எந்தப் படத்தையும் முதல் சுற்றில் தலைப்பைப் பார்க்காமல் பாருங்கள்.

போலந்து ஓவியர் பெக்ஷின்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போனவர். 1929-இல் சனோக் என்ற ஊரில் பிறந்து 2005 வரை வாழ்ந்தவர். இன்று டார்க் ஃபேண்டஸி என்று பகிரப்படும் படங்களில் பாதிக்கு அவர் சாயல் இருக்கும். தன் ஓவியங்களுக்குத் தலைப்பே வைக்க மாட்டார். அர்த்தம் கேட்பவர்களையும் அவருக்குப் பிடிக்காது. அவருடைய பத்து வயதில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது என்பதை வைத்து எல்லாப் படத்தையும் ‘போரின் நினைவு’ என்று முடித்துவிடுவது சுலபம். அது ஒரு சாத்தியம் மட்டுமே. இவரிடம் மணற்கடிகாரமும் கர்தினால் தொப்பியும் தேடிப் பயனில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, மனித உருவம் எவ்வளவு சின்னது, கட்டடம் எந்த இடத்தில் தசையாக மாறுகிறது என்று பாருங்கள். அங்கே நிறமும் அளவும் தோலின் சொரசொரப்பும்தான் பேசுகின்றன.

காதலர்களும், அடுத்த படமும்

புரூகலின் படத்தில் வலப்பக்கக் கீழ் மூலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். விருந்து கலைந்துகிடக்கிறது. சீட்டுகளும் ஆட்டப் பலகையும் தரையில் சிதறியிருக்கின்றன. கோமாளி மேசைக்கு அடியில் நுழைகிறான். ஒருவன் வாளை உருவுகிறான். இவ்வளவு அமளிக்குப் பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் இசையில் மூழ்கியிருக்கிறார்கள். அவன் லூட் என்னும் நரம்பு வாத்தியத்தை மீட்டுகிறான், அவள் சேர்ந்து பாடுகிறாள். இவர்கள் மட்டும்தான் எதையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு, அதே பாட்டுக்கு வாத்தியம் வாசிக்கிறது. இடது மூலையில் மணற்கடிகாரத்தைப் பார்த்தும் காசை நினைத்த ராஜா. வலது மூலையில் எதையுமே பார்க்காமல் பாடும் இருவர். யார்மேல் ஓவியருக்கு இரக்கம் அதிகம்? நான் ஒவ்வொரு முறையும் காதலர்கள் பக்கம்தான் சாய்கிறேன். எங்கள் குழுவில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

இதை முடித்தவர்கள் அடுத்து அதே புரூகலின் ‘டுல்லே கிரீட்’ படத்துக்குப் போகலாம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், மேயர் வான் டென் பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவசம் போட்ட ஒரு பெண் கையில் வாளோடு, நரகத்தின் திறந்த வாயை நோக்கி நீள அடி வைத்துப் போகிறாள். தலைப்பைப் பற்றிப் படிக்காதீர்கள். பென்சிலால் கட்டம் போட்டுவிட்டு, அவள் இடுப்பிலும் கையிலும் என்னென்ன சாமான்களை அணைத்துக்கொண்டு போகிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எந்த வீட்டிலிருந்து எடுத்த சாமான்கள் அவை என்று அப்புறம் கேட்கலாம்.